அப்பா அம்மாவுக்கு முதல் வகுப்பு விமான டிக்கெட்: கூடுதல் பணம் தகுமா?

கொள்ளிடம் | பதிவு 1

எல்லோருக்கும் வணக்கம். பத்து நாளாக ஒரு முடிவுக்கு வர முடியாமல் தவிக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நான் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறேன். அக்டோபரில் எங்களுக்கு முதல் குழந்தை பிறக்கப் போகிறது. கும்பகோணத்திலிருந்து அப்பாவும் (71) அம்மாவும் (66) வருகிறார்கள். இருவருக்கும் இதுதான் முதல் விமானப் பயணம். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. வீட்டில் நன்றாகவே நடக்கிறார். ஆனால் ஒரு மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் கணுக்கால் வீங்கிவிடும்.

சென்னை, துபாய், சான் ஃபிரான்சிஸ்கோ என்று எமிரேட்ஸில் பார்த்து வைத்திருக்கிறேன். முதல் விமானம் நாலு மணி நேரம், அடுத்தது கிட்டத்தட்ட 16 மணி நேரம். நேற்று இருவருக்கும் சேர்த்துப் போக வர எகானமியில் 2.7 லட்சம், பிசினஸில் 9 லட்சம், முதல் வகுப்பில் 19 லட்சம் காட்டியது.

அப்பா 34 வருடம் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். கும்பகோணம் சென்னை இரவு வண்டியில் பாதி வாழ்க்கை போயிற்று. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊரெல்லாம் உட்கார்ந்து போகும், அவர் நின்றுகொண்டே போவார். கூட்டம் அதிகமான நாட்களில் தன் இருக்கையையும் கைக்குழந்தைக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவார். அவரை ஒரு முறையாவது இருப்பதிலேயே நல்ல இருக்கையில் உட்கார வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பணம் சேர்த்து வைத்திருக்கிறேன், கடன் வாங்கவில்லை.

பிசினஸுக்கு மேல் இன்னொரு 10 லட்சம் கொடுத்து முதல் வகுப்பு போடுவது தகுமா? அதில் உண்மையில் என்ன கூடுதலாகக் கிடைக்கிறது?

ஜன்னலோரம் | பதிவு 2

பிசினஸ் போடுங்கள் தம்பி, முதல் வகுப்பு வேண்டாம். அம்மாவுக்குத் தேவை கால் நீட்டிப் படுப்பது. அது பிசினஸிலேயே கிடைத்துவிடுகிறது. மேலே போகிற 10 லட்சம் பெரும்பாலும் சாப்பாட்டுக்கும் குடிக்கும் மதுவுக்கும் கதவு வைத்த அறைக்கும்தான். எமிரேட்ஸ் முதல் வகுப்பில் கேவியரும் டோம் பெரின்யோன் ஷாம்பெயினும் கொடுப்பார்கள். உங்கள் வீட்டில் சைவமாக இருந்தால் அதில் எதைத் தொடப் போகிறார்கள்?

வேப்பமரத்தடி | பதிவு 3

நான் வேறு மாதிரி நினைக்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் பெற்றோர் ஆறு முறை எகானமியில் நியூ ஜெர்சி வந்து போயிருக்கிறார்கள். அப்பாவுக்கு இப்போது 76. நான் மூன்று விஷயத்தைத் தவறாமல் செய்வேன். டிக்கெட் போடும்போதே இருவருக்கும் வீல்சேர் கேட்டுவிடுவேன், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. நடைபாதை ஓர இருக்கையைக் காசு கொடுத்து முன்பதிவு செய்துவிடுவேன். நடுவில் ஒரு இரவு எங்காவது தங்க வைப்பேன். துபாயிலேயே ஒரு நாள் ஓய்வெடுத்துவிட்டு மறுநாள் அடுத்த விமானம் ஏறலாமே, 16 மணி நேரத்துக்கு உடம்பு தயாராகிவிடும்.

எகானமிக்கும் பிசினஸுக்கும் உள்ள வித்தியாசப் பணம் 6 லட்சம் என்பது ஊரில் அம்மாவுக்கு ஐந்து வருட மருத்துவக் காப்பீடு. குழந்தை வேறு பிறக்கப் போகிறது. ஆசை நியாயமானதுதான். பணம் யாருக்கு எப்போது அதிகம் உதவும் என்பதையும் யோசியுங்கள்.

பறவைப்பார்வை | பதிவு 4

விமானங்களின் உட்புறப் பராமரிப்பில் 18 வருடமாக இருக்கிறேன். இருக்கைகளைக் கழற்றுவதும் மாட்டுவதும்தான் என் வேலை. இந்தக் கேள்விக்கு விரிவாகவே எழுத வேண்டும்.

முதல் வகுப்புக்கும் பிசினஸுக்கும் இருந்த பெரிய இடைவெளி 2000-க்கு முன்னால் உண்மையானது. அப்போது பிசினஸ் என்றால் நன்றாகச் சாயும் அகலமான நாற்காலி. முழுதாகப் படுக்க வேண்டுமென்றால் முதல் வகுப்புக்குத்தான் போக வேண்டும். 2000-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பிசினஸிலும் தட்டையான படுக்கையைக் கொண்டுவந்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பின்னால் வந்தார்கள். 2017-ல் கத்தார் ஏர்வேஸ் பிசினஸ் இருக்கைக்குக் கதவும் வைத்துவிட்டது. அதாவது எதற்காக முதல் வகுப்புக்குக் காசு கொடுத்தார்களோ அது இரண்டும் ஒரு படி கீழே இறங்கி வந்துவிட்டன.

அதனால்தான் நிறுவனங்களே முதல் வகுப்பைக் கழற்றிக்கொண்டிருக்கின்றன. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2022 அக்டோபரில், சர்வதேச முதல் வகுப்பை யாரும் அதிகம் வாங்குவதில்லை, எடுத்துவிடப் போகிறோம் என்று அறிவித்தது. ஏர் இந்தியாவின் பழைய போயிங் 777-300 விமானங்களில் முன்னால் 4 முதல் வகுப்பு இருக்கைகள் இருந்தன. 2024 ஜனவரியில் சேவைக்கு வந்த அவர்களுடைய ஏர்பஸ் ஏ350 விமானத்தில் 28 பிசினஸ், 24 பிரீமியம் எகானமி (எகானமிக்கும் பிசினஸுக்கும் இடைப்பட்ட வகுப்பு), 264 எகானமி, அவ்வளவுதான். முதல் வகுப்பே இல்லை. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் பகுதிக்கு 18 மணி நேரத்துக்கு மேல் பறக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஏ350 விமானத்தில் 67 பிசினஸும் 94 பிரீமியம் எகானமியும்தான். உலகத்தின் மிக நீளமான பயணத்திலேயே முதல் வகுப்பு வைக்கவில்லை என்றால், படுக்கை விஷயத்தில் பிசினஸ் போதும் என்று அவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள் என்றுதானே பொருள்?

உங்கள் வழித்தடத்துக்கு வருகிறேன். துபாய் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏ380 என்ற இரண்டு தள விமானம் ஓடினால் மேல் தளம் முழுவதும் முதல் வகுப்பும் பிசினஸும். முன்னால் 14 முதல் வகுப்பு அறைகள், அவர்களுக்கு மட்டும் இரண்டு குளியலறைகள். ஓர் ஆளுக்கு ஐந்து நிமிடம் தண்ணீர் வரும். பின்னால் 76 பிசினஸ் இருக்கைகள், 1-2-1 வரிசை, அதாவது இரு ஜன்னல் பக்கமும் ஒவ்வொன்று, நடுவில் இரண்டு, யாரையும் தாண்டாமல் எழுந்து போகலாம். படுக்கை ஏறக்குறைய ஆறரை அடி. எகானமியில் முன் இருக்கைக்கும் பின் இருக்கைக்கும் இடையே ஏறக்குறைய 32 அங்குலம். அம்மாவின் முழங்காலுக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பயணமே. பிசினஸுக்கும் முதல் வகுப்புக்கும் உள்ள வித்தியாசம் அப்படிப்பட்டது இல்லை.

ஒரு எச்சரிக்கை. சென்னை துபாய் விமானம் 777. அதிலேயே இரண்டு விதம் உண்டு. புதுப்பிக்காத பழைய 777-களில் பிசினஸ் 2-3-2 வரிசை, படுக்கை முழுத் தட்டையாக இல்லாமல் சற்றுச் சரிவாக இருக்கும். வகுப்பின் பெயரை நம்பிப் பணம் கட்டாதீர்கள். எந்த விமானம், எந்த இருக்கை வரைபடம் என்று பார்த்த பிறகு கட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல வைத்திருப்பார்கள். அது முன்வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் ஒன்றே. காது அடைப்பதும் வாய் உலர்வதும் எல்லோருக்கும் உண்டு. எவ்வளவு பணம் கொடுத்தாலும் அதை மாற்ற முடியாது.

மருந்துச்சீட்டு | பதிவு 5

மருத்துவராக ஒரு பகுதியை மட்டும் சொல்கிறேன்.

கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாவதைப் பலர் எகானமி கிளாஸ் நோய் என்றே சொல்கிறார்கள். அந்தப் பெயர் தவறான எண்ணத்தைக் கொடுக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் ரத்தக்கட்டி அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. விமானம் மட்டும் இல்லை; கார், பேருந்து, ரயில் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். ஆனாலும் ஆரோக்கியமானவர்களுக்கு அது 6,000 பேரில் ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறது. இருக்கும் வகுப்பை விட ஜன்னல் ஓரத்தில் அடைபட்டு எழாமல் இருப்பதுதான் ஆபத்து என்று அமெரிக்க நெஞ்சு மருத்துவர்கள் அமைப்பின் 2012 வழிகாட்டுதல்களும் சொல்கின்றன.

ஆகவே அம்மா பிசினஸில் வந்தாலும் படுத்தே கிடக்கக் கூடாது. விழித்திருக்கும்போது மணிக்கொரு முறை எழுந்து பத்தடி நடக்க வேண்டும். கணுக்காலை மேலும் கீழும் அசைக்க வேண்டும். முழங்கால் வரை வரும் அழுத்தக் காலுறை நல்லது, ஆனால் சரியான அளவில் வாங்க வேண்டும். இரண்டு வருடம் முன்பு நடந்த மூட்டு மாற்று அறுவை சிகிச்சை இப்போது தனி அபாயம் இல்லை. இருந்தாலும் அறுவை செய்த மருத்துவரை ஒரு முறை பார்த்துவிட்டு வரட்டும். வீக்கம் தினமும் வருகிறது என்றால் அதற்கு இதயமோ சிறுநீரகமோ கால் ரத்தக்குழாயோ காரணமா என்று முதலில் பார்க்க வேண்டும். டிக்கெட்டை விட அது முக்கியம்.

கொள்ளிடம் | பதிவு 6

டாக்டர், மிக்க நன்றி. வீக்கத்தை நாங்கள் மூட்டோடு சேர்த்தே நினைத்துக்கொண்டிருந்தோம். இந்த வாரமே கூட்டிப் போகச் சொல்லி அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

பறவைப்பார்வை அண்ணா, நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். மூளைக்குப் புரிகிறது. இருந்தாலும் மனசுக்குள் ஒன்று உறுத்துகிறது. மேலே ஒரு வகுப்பு இருக்கும்போது அப்பாவை அதற்குக் கீழே உட்கார வைக்கிறோமே என்று.

நெய்தல் | பதிவு 7

கொள்ளிடம், அந்த உறுத்தல் எனக்கும் இருந்தது. அதனாலேயே 2019-ல் என் பெற்றோரை முதல் வகுப்பில் அனுப்பினேன். சென்னையிலிருந்து டொராண்டோ. எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். அம்மாவுக்கு ஒரு அறை, அப்பாவுக்கு அடுத்த வரிசையில் ஒரு அறை. 40 வருடம் பக்கத்திலேயே இருந்தவர்கள், திடீரென்று ஒருவரை ஒருவர் பார்க்க முடியவில்லை. பணிப்பெண் மரியாதைக்காகக் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார். அதை எப்படித் திறப்பது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. யாரையாவது கூப்பிடலாமா, கூப்பிட்டால் ஏதாவது நினைப்பார்களா என்ற தயக்கத்திலேயே முதல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். கழிவறைக்குப் போக வேண்டும் என்று கூடச் சொல்லவில்லை. அப்பா எழுந்து வந்து தட்டியபோதுதான் அழுதுவிட்டாராம். அதற்குப் பிறகு கடைசி வரை கதவைச் சாத்தவே விடவில்லை.

பணியாளர்கள் மேல் எந்தக் குறையும் இல்லை. அத்தனை அன்பாக நடந்துகொண்டார்கள். ஆனால் மெனு அட்டை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஆறு பக்கம். எதைக் கேட்பது என்று தெரியாமல் இருவரும் பழமும் ரொட்டியும் சாப்பிட்டு வந்திருக்கிறார்கள்.

அடுத்த முறை பிசினஸில் நடுவில் ஒட்டிய இரண்டு இருக்கைகள் போட்டேன். அம்மா கையை நீட்டினால் அப்பாவைத் தொடலாம். இன்றைக்கும் அந்தப் பயணத்தைத்தான் நல்ல பயணம் என்று சொல்கிறார்.

மூன்றாம்பிறை | பதிவு 8

எல்லோரும் ஒரே பக்கம் போவதால் இதை எழுதுகிறேன். முதல் வகுப்பு தேவைப்படும் இடமும் இருக்கிறது.

என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்த பிறகு, அவரைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கூட்டி வர வேண்டியிருந்தது. 14 மணி நேரப் பயணம். படுக்கை எனக்குப் பெரிய கவலையாக இல்லை, கழிவறைதான் கவலை. சாதாரண விமானக் கழிவறைக்குள் இரண்டு பேர் நுழைந்து ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடிக்க முடியாது. பிசினஸிலும் பெரும்பாலும் அதே அளவுதான். ஏ380-ன் முதல் வகுப்புக் குளியலறை ஒரு சிறிய அறை மாதிரி. உள்ளே உட்கார இடம் உண்டு. நான் உள்ளே நின்று அவருக்கு உடை மாற்ற முடிந்தது, முகம் கழுவி விட முடிந்தது. கதவுக்கு வெளியே யாரும் வரிசையில் நின்று தட்டவில்லை. நடுவில் உள்ள இரண்டு அறைகளை எடுத்து இடையில் இருக்கும் தடுப்பை இறக்கிவிட்டதால், அவர் முகம் எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

அந்தப் பணத்தைக் கட்ட நான் நகையை அடகு வைத்தேன். இன்று கேட்டாலும் அதையே செய்வேன். அப்பா தன் மானம் குறையாமல் வீடு வந்து சேர்ந்தார். ஆகவே தகுமா என்ற கேள்விக்கு, யார் பறக்கிறார், அவருக்கு எந்த வேலையை இன்னொருவர் செய்து கொடுக்க வேண்டியிருக்கிறது என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

ஜன்னலோரம் | பதிவு 9

மூன்றாம்பிறை, இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. கேவியர், ஷாம்பெயின் என்று சுலபமாக எழுதிவிட்டேன். உங்கள் அப்பா நலமாக இருக்க வேண்டும்.

சில்லறை | பதிவு 10

கணக்குப் பக்கம் சில விஷயங்கள், டிக்கெட் போடுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவிலிருந்து கிளம்பும் டிக்கெட்டுக்கு எகானமியில் ஜிஎஸ்டி 5 சதவீதம். மற்ற வகுப்புகளுக்கு 12 ஆக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. 9 லட்சத்துக்கும் 19 லட்சத்துக்கும் இந்த 18 எவ்வளவு என்று பாருங்கள். வரி உட்பட்ட தொகையா, வரிக்கு முன்னாலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். லண்டனிலிருந்து புறப்படுபவர்களுக்கும் இதே கதைதான். பிரிட்டனில் இருந்து இந்தியா தூரத்துக்கு 2025 ஏப்ரலில் நிர்ணயித்த விமானப் பயணி வரி எகானமிக்கு 90 பவுண்டாகவும், அதற்கு மேல் எந்த வகுப்பானாலும் 216 பவுண்டாகவும் இருந்தது. பிரீமியம் எகானமியும் அந்த 216-ல்தான் வந்தது.

அப்புறம், நாலு கால்களுக்கும் ஒரே வகுப்பு போட வேண்டிய கட்டாயம் இல்லை. கால் என்றால் ஒவ்வொரு தனி விமானம். சென்னை துபாய் நாலு மணி நேரம்தான், அதை எகானமியில் போட்டு நீளமான கால்களை மட்டும் பிசினஸில் போடலாம். இணையதளத்தில் இது லேசில் வராது. நல்ல ஏஜென்ட்டாகப் பார்த்துக் கேளுங்கள். லக்கேஜ் எத்தனை கிலோ என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். எமிரேட்ஸில் அமெரிக்காவுக்குப் பிசினஸிலும் முதல் வகுப்பிலும் ஓர் ஆளுக்கு 32 கிலோ வரை இரண்டு பெட்டி. கலந்து போடும்போது எது பொருந்தும் என்று கவுண்டரில் நின்று வாதாடும் நிலை முதியவர்களுக்கு வரக்கூடாது.

அப்கிரேடு ஏலத்தை, அதாவது பிறகு விலை கேட்டு மேல் வகுப்புக்கு மாறலாம் என்பதை, நம்பி எகானமி போடாதீர்கள். தனி ஆளுக்கு அது பரவாயில்லை. முதல் முறை பறக்கும் பெற்றோரை கடைசி 48 மணி நேரம் வரை எங்கே உட்காருவோம் என்று தெரியாமல் வைக்க வேண்டாம்.

தாழம்பூ | பதிவு 11

ஒரு சின்ன எச்சரிக்கை, அமெரிக்காவுக்குள் இணைப்பு விமானம் எடுப்பவர்களுக்கு. உள்நாட்டு விமானங்களில் ஃபர்ஸ்ட் என்று போட்டிருப்பது பெரும்பாலும் 2-2 வரிசையில் அகலமான நாற்காலிதான். படுக்கை வராது. சிகாகோ வரை பிசினஸ் படுக்கையில் வந்துவிட்டு, அடுத்த விமானம் ஃபர்ஸ்ட் என்று டிக்கெட்டில் பார்த்ததும் இன்னும் பெரிதாக இருக்கும் என்று என் மாமியார் எதிர்பார்த்துவிட்டார்.

வாய்க்கால் | பதிவு 12

இதையும் யாராவது சொல்ல வேண்டும். பெரிய இருக்கை என்றால் விமானத்தின் தரையில் அதிக இடம், அதே எரிபொருளில் குறைந்த ஆட்கள். பிரிட்டிஷ் அரசு பயன்படுத்தும் கணக்கில் நீண்ட தூரத்துக்கு ஒரு பிசினஸ் பயணியால் வெளியாகும் கரியமில வாயு எகானமியைப் போல ஏறக்குறைய 3 மடங்கு, முதல் வகுப்புக்கு 4 மடங்கு. உடல்நிலைக்காகப் போவதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். நானும் என் பாட்டிக்கு அப்படித்தான் போட்டேன். தேவையில்லாதவர்கள் அந்தஸ்துக்காகப் போவதுதான் எனக்கு வருத்தம்.

புதுவரவு | பதிவு 13

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். சென்னை டெல்லி மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. அதற்குப் பிசினஸ் போடலாமா?

ஜன்னலோரம் | பதிவு 14

உடம்பு நன்றாக இருந்தால் தேவையில்லை. இண்டிகோவில் 2024 நவம்பரிலிருந்து ஸ்ட்ரெச் என்று முன்னால் 12 அகல இருக்கைகள் வைத்திருக்கிறார்கள். ஏர் இந்தியாவிலும் பிசினஸ் உண்டு. லக்கேஜ் அதிகம் இருந்து அதற்குத் தனியாகக் கட்ட வேண்டியிருந்தால் மட்டும் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள், சில நாள் வித்தியாசம் சொற்பமாக இருக்கும்.

வேப்பமரத்தடி | பதிவு 15

கொள்ளிடம், டாக்டரும் பறவைப்பார்வையும் எழுதியதைப் படித்தபின் அம்மாவுக்குப் பிசினஸ் தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்பாவுக்கு உடம்பில் ஒன்றும் இல்லையே? அம்மாவுக்குப் பிசினஸ், அப்பாவுக்கு எகானமி என்று போட்டால் மூன்று லட்சம் மிச்சமாகும். நடுநடுவே அவர் மேலே போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

பறவைப்பார்வை | பதிவு 16

அது நடக்காது. எகானமியில் இருப்பவர் பிசினஸ் பகுதிக்குப் போகப் பெரும்பாலும் விட மாட்டார்கள். ஏ380-ல் அது வேறு தளம். முதல் முறை பறக்கும் அம்மா தனியாக மேலே, அப்பா கீழே என்று 16 மணி நேரம் இருப்பதற்கு, இருவரும் பிரீமியம் எகானமியில் சேர்ந்து இருப்பது மேல். ஆனால் பிரீமியம் எகானமியில் கால் தாங்கி இருக்குமே தவிர முழுதாகப் படுக்க முடியாது, அம்மாவுக்கு அது பாதித் தீர்வுதான்.

கொள்ளிடம் | பதிவு 17

நேற்று ராத்திரி அப்பாவிடமே பேசிவிட்டேன். இதுவரை அவரிடம் விலையைச் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தேன். நெய்தல் எழுதியதைப் படித்த பிறகு, அவருக்காக ஒரு முடிவை அவரிடம் கேட்காமல் எடுக்கிறேனே என்று தோன்றியது.

மூன்று விலையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். எத்தனை மணி நேரம், எத்தனை பேர் உட்காருவார்கள், கழிவறை எவ்வளவு தூரம், அம்மா ராத்திரி எழுந்தால் யாரை எழுப்புவது. 34 வருடம் பயணிகளைப் பார்த்துக்கொண்டவர் கேட்கிற கேள்விகள் அவை. எனக்கு இவற்றில் ஒன்றுகூட முதலில் தோன்றவில்லை.

அம்மாவுக்கு மட்டும் பிசினஸ் என்ற யோசனையை உடனே மறுத்துவிட்டார். "ஒரே வண்டியில அவ முன்னாடி, நான் பின்னாடின்னு போறதுக்கா இத்தனை வருஷம்?" என்றார். முதல் வகுப்பில் தனித்தனி அறை, கதவு உண்டு என்று விளக்கினேன். "காலை நீட்டிப் படுத்தாப் போதும்ப்பா. கதவு எதுக்கு, எழுந்தா உங்கம்மா முகம் தெரியணும்" என்றார்.

நான் என் மனசில் இருந்ததையும் சொல்லிவிட்டேன், அவர் நின்றே போன ராத்திரிகளைப் பற்றி. அவர் ஆச்சரியப்பட்டார். தான் அதைக் கஷ்டமாகவே நினைத்ததில்லை என்றார். பயணிகள் தூங்கும்போது இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நிற்பது தனக்குப் பிடித்த நேரம் என்றார். இத்தனை வருடத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை.

ஆகவே இருவருக்கும் பிசினஸ். சில்லறை சொன்னபடி நீளமான கால்கள் இரண்டும் பிசினஸ், சென்னை துபாய் எகானமி. வரியோடு 7.6 லட்சம் என்று ஏஜென்ட் சொல்கிறார். அம்மாவின் ரத்தப் பரிசோதனையும் இதய ஸ்கேனும் நன்றாக வந்திருக்கின்றன. கால் ரத்தக்குழாயில் லேசான தளர்ச்சி என்று சொல்லி அழுத்தக் காலுறை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வேறு என்ன செய்ய வேண்டும்?

பறவைப்பார்வை | பதிவு 18

நல்ல முடிவு. ஏ380 பிசினஸில் நடு இருக்கைகள் ஒரு வரிசையில் ஒட்டியிருக்கும், அடுத்த வரிசையில் நடைபாதைப் பக்கம் விலகியிருக்கும். வரைபடம் பார்த்து ஒட்டிய ஜோடியை இப்போதே பிடித்துவிடுங்கள். பின்பக்கம் நின்று பேச ஒரு இடம் இருக்கிறது, அதற்கு மிக அருகில் வேண்டாம், சத்தம் வரும்.

நெய்தல் | பதிவு 19

இந்திய சைவ உணவை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், குறைந்தது 24 மணி நேரம் முன்னால். ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பத்து வாக்கியம் எழுதிக் கொடுங்கள். தண்ணீர் வேண்டும், சர்க்கரை இல்லாத டீ, படுக்கையை விரித்துக் கொடுங்கள், கழிவறை எங்கே, என் மனைவிக்கு வீல்சேர் சொல்லியிருக்கிறோம் என்பது மாதிரி. விரலால் காட்டினால் போதும். இரண்டாவது முறை நான் இதைத்தான் செய்தேன். படுக்கைப் பொத்தானை எப்படி அழுத்துவது என்று வீடியோவில் முன்பே காட்டிவிடுங்கள்.

மருந்துச்சீட்டு | பதிவு 20

செயற்கை மூட்டு பாதுகாப்புச் சோதனையில் ஒலி எழுப்பும். மருத்துவர் கடிதம் கையில் இருந்தாலும் சோதிப்பார்கள், அம்மா பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லி வையுங்கள். மாத்திரைகள் கைப்பையில், மருந்துச்சீட்டோடு. காலுறையைக் காலையில் வீக்கம் ஏறுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

கொள்ளிடம் | பதிவு 21

இரண்டரை மாதம் கழித்து எழுதுகிறேன். பெண் குழந்தை, இருவரும் நலம்.

அப்பாவும் அம்மாவும் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். துபாயில் வீல்சேர் வர நாற்பது நிமிடம் ஆகியிருக்கிறது. மூன்று மணி நேர இடைவெளி விட்டிருந்ததால் தப்பித்தோம், அதைக் குறைக்காதீர்கள். அம்மா ஆறு மணி நேரம் தொடர்ந்து தூங்கியிருக்கிறார். இறங்கியபோது கணுக்காலில் லேசான வீக்கம், மறுநாள் காலைக்குள் வடிந்துவிட்டது. சென்னை துபாய் நாலு மணி நேரத்தில்தான் முழங்கால் வலித்ததாம். திரும்பும்போது அந்த விமானத்தையும் முடிந்தால் பிசினஸுக்கு மாற்றப் பார்க்கிறேன்.

அப்பா மூன்று மணி நேரம்தான் படுத்தாராம். அம்மா தூங்கிய பிறகு எழுந்து பின்பக்கம் போய் நின்றிருக்கிறார். ஒரு பணியாளர் மலையாளி. தமிழும் மலையாளமும் கலந்து இருவரும் வெகுநேரம் பேசியிருக்கிறார்கள். எத்தனை மணி நேர வேலை, எங்கே தங்குவீர்கள், ராத்திரி வேலைக்குத் தனிப் படி உண்டா என்று கேட்டிருக்கிறார். மணிக்கொரு முறை வந்து அம்மாவின் போர்வையைச் சரி செய்துவிட்டுப் போனாராம். அதை அம்மாதான் சொன்னார்.

நெய்தலின் தாள் மிகவும் உதவியது. அதில் கடைசி வாக்கியமாக, எங்களுக்குப் பேத்தியோ பேரனோ பிறக்கப் போகிறது என்று அப்பா தன் கையாலேயே சேர்த்திருக்கிறார். விமானத்தில் எல்லோருக்கும் முதலில் அதைத்தான் காட்டினாராம்.

திரும்பும் பயணம் ஜனவரி கடைசியில். அதே ஜோடி இருக்கைகளைக் கேட்டு வைத்திருக்கிறேன்.